வீட்டைப் பூட்டும் வித்தை

வீட்டைப் பூட்டுவது என்றால் நமக்கு நினைவில் வருவது திறப்புக் கோர்வை. வண்டில் பூட்டுவது என்றால் நினைவில் வருவன நுகமும் இரண்டு காளைகளும். இவ்விரு பூட்டுதல்களும் ஒன்றாய்ச் சேரும் இடம் ஒன்றுண்டு. மேனாட்டார் விடுமுறை நாட்களில் மோட்டார்க் காரின் பின்னே இழுத்துச் செல்லும் 'கரவன்' என்னும் சக்கர வீடே அது. அங்கே பூட்டப்படுவதும் வீடு. பூட்டுகின்ற முறையோ வண்டில் பூட்டுகின்ற முறை.

ஜூலை, ஓகஸ்ற் மாதங்களிற் பாடசாலைகள் மூடியதும், இங்கிலாந்தின் எம் 5 நெடுஞ்சாலையில் டெவன், கோர்ன்வோல் கடற்கரைகளை நோக்கி இவ்வெள்ளை வீடுகள் சாரிசாரியாகப் போகும். வெளியே பார்ப்பதற்கு வெறும் பெட்டிதான். உள்ளேயோ கட்டிலுண்டு, அடுப்புண்டு, குளிர்சாதனப் பெட்டியுண்டு, குளியலறைகூட உண்டு. பொருள்களெல்லாம் ஏற்றிய பின் பலவற்றின் நிறை 1,200 முதல் 1,600 கிலோகிராம் வரை இருக்கும். இத்துணைப் பெரிய வீட்டைக் காருடன் பிணைப்பது எது? காரின் பின்புறத்தே நீண்டிருக்கும் கழுத்தொன்றின் மேல் அமைந்த ஓர் இரும்புக் குண்டு. அதன் விட்டம் 50 மில்லிமீற்றர்; நல்ல தேசிக்காய் ஒன்றின் பருமன், அவ்வளவுதான். கரவனின் முன்முனையில் கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போன்ற இணைப்புத் தலை இருக்கும். கிண்ணம் குண்டின்மேல் அமர்ந்து பூட்டிக்கொள்ள வேண்டும். தாய் தந்தை, குழந்தைகள், வழியில் எதிர்ப்படும் அந்நியர் ஆகிய எல்லோரின் பத்திரமும் இந்தத் தேசிக்காயளவு இரும்பில் தங்கியிருக்கிறது.

புதிதாகக் கரவன் வாங்குபவர்க்கு அதனுடன் இக்காலத்திற் பெரும்பாலும் இன்னொரு கருவியும் வந்து சேர்கிறது. அதற்கு ஸ்ரெபிலைசர் என்று பெயர். நாம் நிலைப்படுத்தி என்போம். விற்பனை முற்றத்தில் ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் விளக்கிக் காட்டுவார்கள். தண்ணீர் எங்கே ஊற்றுவது, எரிவாயு எங்கே திறப்பது, மின்விளக்கு எங்கே என்பவற்றோடு பூட்டுவதும் அவிழ்ப்பதும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு குடும்பம் தனியே தெருவில் இறங்க வேண்டியதுதான். அந்தப் பத்து நிமிட விடயத்தையே சற்று ஆறுதலாகப் பார்க்க விரும்புகிறோம்.

குதிரை போய்க் கார் வந்தது

பொழுதுபோக்குக்காகக் கரவனில் ஊர் சுற்றும் வழக்கத்தைத் தொடக்கி வைத்தவராகப் பலரும் சொல்வது கோர்டன் ஸ்ரேபிள்ஸ் என்பவரை. அவர் ஸ்கொட்லாந்துக்காரர், கடற்படையில் வைத்தியராக இருந்தவர், சிறுவர்க்குக் கதைகள் எழுதியவர். 1885ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலையில் 'வாண்டரர்' என்னும் வீட்டு வண்டியைச் செய்வித்து, இரண்டு குதிரைகளைப் பூட்டி, தென் இங்கிலாந்திலிருந்து ஸ்கொட்லாந்தின் வடபகுதிவரை சென்றார். வண்டியின் நிறை ஏறத்தாழ இரண்டு தொன். எதிரே வருவோரை எச்சரிப்பதற்காக அவருடைய பணியாளர் மூன்று சக்கரச் சைக்கிள் ஒன்றில் முன்னே சென்றாராம். இன்று பின்னே தொடரும் கார்க்காரர்கள் ஹோர்ன் அடிப்பதை நோக்க, அது மிகவும் மரியாதையான ஏற்பாடென்றே தோன்றுகிறது.

முதலாம் உலகப் போர் ஓய்ந்த 1919இல் பேர்மிங்காமின் எக்கிள்ஸ் நிறுவனம் காரினால் இழுக்கத்தக்க கரவன்களைச் செய்யத் தொடங்கியது. குதிரை போய்க் கார் வந்ததும் பூட்டும் வித்தையும் மாறிற்று. குதிரை நடக்கும் வேகத்தில் வண்டி பக்கவாட்டிலே துள்ளுவதில்லை. காரின் வேகத்திலோ துள்ளும். அதனாற் பிறந்ததே நிலைப்படுத்தி.

பாம்போட்டம்

கரவன் ஓட்டுவோர் மிக அஞ்சுவது ஒன்று. நெடுஞ்சாலையிற் செல்லும்போது கரவனின் பின்புறம் சற்று இடப்பக்கம் போகும். உடனே வலப்பக்கம் போகும். மறுபடி இடப்பக்கம், முன்னிலும் கூடுதலாக. இவ்வாறு இரண்டு மூன்று ஊசலில் அது காரின் வாலையும் பிடித்து ஆட்டத் தொடங்கிவிடும். ஆங்கிலேயர் இதனைப் பாம்பு நெளிதலுக்கு ஒப்பிட்டே பெயரிட்டுள்ளனர். தானாக அடங்கினால் நல்ல காலம். அடங்காவிட்டால் கரவன் சரியும், காரையும் உடன் சரிக்கும்.

இது ஏன் நிகழ்கிறது? இணைப்புக் குண்டு காரின் பின்சக்கர அச்சுக்கு நேரே இல்லை. அதற்கும் பின்னே நீண்டு நிற்கிறது. ஆகவே கரவன் பக்கவாட்டில் அசையுந்தோறும் குண்டு வழியாகக் காரின் பின்புறத்தைத் தள்ளுகிறது. கார் அதனால் சற்றே திரும்புகிறது. திரும்பிய கார் மறுபடி கரவனை எதிர்ப்பக்கம் இழுக்கிறது. மெதுவாய்ச் செல்லும்போது ரயர்களின் பிடிப்பு இவ்வூசலை உடனே தின்றுவிடும். வேகம் ஏற ஏற அந்தத் தின்னும் ஆற்றல் குறைந்துகொண்டே வருகிறது. ஒரு குறித்த வேகத்தை எட்டியதும் அது பூச்சியமாகிறது. அதற்குமேல் ஒவ்வோர் ஊசலும் முந்தியதிலும் பெரிதாகும். ஊஞ்சலில் இருக்கும் பிள்ளையை ஒவ்வொரு முறையும் சரியான தருணத்திலே தள்ளிவிட்டால் என்ன ஆகுமோ, அதுவே இங்கும் ஆகிறது. தள்ளுபவர் மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

தொடக்கி வைப்பதற்குச் சிறு காரணம் போதும். பெரிய லொறி ஒன்று முந்திச் செல்கையில் அதன் முன்னே தள்ளப்படும் காற்று கரவனை ஒதுக்கும். அடுத்த கணம் அதன் பக்கத்துக் காற்று உறிஞ்சி இழுக்கும். பாலத்தின்மேல் வீசும் குறுக்குக் காற்றும் அப்படியே. இறக்கத்திலோ கரவன் காரை உந்துகிறபடியால் ஆபத்து இன்னும் அதிகம்.

ஆட்டம் தொடங்கிவிட்டால் செய்ய வேண்டியது மனித இயல்புக்கு மாறானது. அக்ஸிலேற்றரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். சுக்கானை நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆட்டத்தைத் துரத்தித் துரத்தித் திருப்பலாகாது. சடுதியாகப் பிறேக் போடலாகாது. வேகத்தைக் கூட்டி இழுத்து நிமிர்த்திவிடலாம் என்று சொல்லும் 'அனுபவசாலிகள்' எங்குமுண்டு. ஆட்டத்துக்குக் காரணம் வேகமாயிருக்க, இன்னும் வேகத்தைக் கொடுப்பது நெருப்புக்கு நெய் வார்ப்பதாகும்.

நிலைப்படுத்தி என்ன செய்யும்?

முன்னாளில் நீண்ட விற்பட்டை ஒன்றைக் கரவனின் முன்சட்டத்துக்கும் காருக்கும் குறுக்கே பொருத்தி ஆட்டத்தைத் தடுத்தனர். இக்காலத்தில் நிலைப்படுத்தி இணைப்புத் தலைக்குள்ளேயே அடங்கிவிட்டது. ஜெர்மனியில் அலோய்ஸ் கோபர் என்பவர் 1931இல் தொடங்கிய நிறுவனம் அவர் பெயரின் முதலெழுத்துக்களைக் கொண்டு 'அல்கோ' என வழங்குகிறது. பிரித்தானியக் கரவன்களிற் பெருவாரியாகக் காணப்படுவது அவர்கள் செய்த தலையே. விண்டர்ஹொவ் என்னும் இன்னொரு ஜெர்மன் நிறுவனத்தின் தலையும் உண்டு.

உள்ளே இருக்கும் தத்துவம் எளிது. கிண்ணத்தினுள் உராய்வுக் கட்டைகள் உள்ளன. பிறேக் கட்டை சக்கரத்தைப் பற்றுவது போல, இவை குண்டை இறுகப் பற்றுகின்றன. அல்கோவின் 3004 என்னும் வகையில் நான்கு கட்டைகள். இரண்டு பக்கத்திலிருந்தும், இரண்டு முன்னும் பின்னுமிருந்தும் பிடிக்கும். கரவன் இடம் வலமாகத் திரும்ப முயன்றாலும், முன்னும் பின்னுமாகத் தலையாட்டினாலும் இந்தப் பிடி அதனை எதிர்க்கும். பெரிய நெம்புகோல் ஒன்றைக் கீழே அழுத்தினாற் பிடி விழும். மேலே உயர்த்தினால் விடும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான வேறுபாடு பிறக்கிறது. நிலைப்படுத்தியில்லாத பழைய தலைகளுக்குக் குண்டிலே கிறீஸ் பூசுவது வழக்கம். நிலைப்படுத்தியுள்ள தலைக்குக் கிறீஸ் பகை. ஒரு துளி எண்ணெய் பட்டாலும் கட்டைகள் வழுக்கும்; பிடிக்க வேண்டியதைப் பிடிக்கா. புதிய குண்டிலே பூசியிருக்கும் வர்ணமும் அவ்வாறே. ஆகவே பாவிக்கத் தொடங்குமுன் வர்ணத்தை மெல்லிய அரத்தாளினால் தேய்த்து நீக்கி, மெதிலேற்றட் ஸ்பிரிற்றிலே நனைத்த துணியால் துடைத்து, உலோகம் பளிச்சென்று தெரியும்படி வைத்திருத்தல் வேண்டும். திரும்பும்போதெல்லாம் 'கிறீச், கிறீச்' என்று முனகல் கேட்டால், எண்ணெய் விட்டு அதை அடக்க எண்ணுதல் ஆகாது. அழுக்கோ வர்ணமோ இருக்கின்றது என்பதே பெரும்பாலும் அம்முனகலின் பொருள். வேறொருவருடைய பழைய கிறீஸ் தலையை ஒருநாள் அந்தக் காரில் மாட்டினால், பிறகு குண்டை மறுபடி துடைத்தே ஆகவேண்டும்.

நிலைப்படுத்தி நல்ல கருவி. ஜெர்மனியின் சட்டமே அதனை மதிக்கிறது. அங்கே கார் இழுக்கும் கரவனுக்குப் பொதுவான வேகம் மணிக்கு 80 கிலோமீற்றர். 100 கிலோமீற்றர் செல்ல விசேட அனுமதி வேண்டுமானால், அதிர்வு தாங்கிகளோடு கூடிய கரவனின் நிறை காரின் நிறையில் 0.8 பங்குக்கு மேற்படலாகாது; நிலைப்படுத்தி பொருத்தியிருந்தால் காரின் நிறைக்குச் சமமாகவும் இருக்கலாம்.

ஆயினும் அதன் வரம்பை அறிதல் வேண்டும். உராய்வுக் கட்டையின் பிடி எப்போதும் ஒரே அளவினது. சிறு ஆட்டத்தை அது எளிதாகக் கொன்றுவிடும். ஆட்டம் இருமடங்கானால் கட்டைகள் உறிஞ்சும் சக்தியும் இருமடங்காகும். ஆனால் ஆட்டத்திற்குட் புகும் சக்தியோ நான்கு மடங்காகிவிடும். ஆகவே ஓரளவுக்கு அப்பால் நிலைப்படுத்தி தோற்றே தீரும். நம் கருத்திலே இதில் வேறோர் ஆபத்தும் மறைந்திருக்கிறது. பாரம் தவறாய் ஏற்றிய கரவன் பழைய காலத்தில் குறைந்த வேகத்திலேயே நெளிந்து காட்டி எச்சரித்தது. நிலைப்படுத்தி அந்தச் சிறு நெளிவை அடக்கிவிடுவதால் எச்சரிக்கையும் அடங்கிப் போகிறது. ஓட்டுபவர் எல்லாம் சரியென்று எண்ணி வேகத்தைக் கூட்டுவார். நோயாளியின் காய்ச்சலை மாத்திரையால் இறக்கிவிட்டு, நோயைப் பார்க்காமல் விட்டது போலத்தான்.

இப்போது மின்சார முறையும் வந்திருக்கிறது. கரவனின் அடியிற் பொருத்திய உணர்கருவி பக்கவாட்டு ஆட்டத்தை அறிந்து, கரவனின் பிறேக்கைக் கணநேரம் தானே இடும். கரவன் பின்னிழுக்க, ஆட்டம் நிமிரும். அது கூடுதலான பாதுகாப்பே. அதுவும் பௌதிக விதிகளுக்கு உட்பட்டதுதான்.

முன்பாரம், பின்பாரம்

அப்படியானால் நோய் எது? பாரம். இந்த இடத்தில் நம்முடைய பழைய வண்டிற்காரர்களுக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. வண்டில் ஏற்றும்போது அவர்கள் முன்பாரம், பின்பாரம் பார்ப்பார்கள். பின்பாரம் ஏறினால் நுகம் மேலே எழுந்து, கழுத்துக் கயிறு காளையின் தொண்டையை இறுக்கும். முன்பாரம் மிகுந்தால் காளையின் கழுத்துப் புண்படும். நுகம் கழுத்திலே மெல்ல அமர்ந்திருக்கும்படி, கொஞ்சம் முன்பாரமாக ஏற்றுவதே வழக்கு. பங்குனித் திங்களில் மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோவிலுக்குப் பானையும் அரிசியும் விறகும் பிள்ளைகளுமாய்ப் போன கூடார வண்டில்களில் யார் எங்கே இருப்பது என்பதைக்கூட வண்டிற்காரரே தீர்மானித்தார்.

கரவனிலும் இதே கணக்கு. குண்டின்மேல் இணைப்புத் தலை அழுத்தும் பாரத்தை மூக்குப்பாரம் என்கிறார்கள் ஆங்கிலேயர். நாம் முன்பாரம் என்றே சொல்லலாம். ஏற்றிய கரவனின் நிறையில் நூற்றுக்கு 5 முதல் 7 பங்கு அது இருக்க வேண்டுமென்பது அங்கே வழங்கும் விதி. கரவன் 1,400 கிலோகிராமானால் முன்பாரம் 70க்கும் 98க்கும் இடையில். ஆனால் காரின் குண்டு தாங்கக்கூடிய எல்லையும், தலை தாங்கக்கூடிய எல்லையும் தனித்தனியே உண்டு. அவற்றுள் எது குறைவோ அதுவே நமக்கு எல்லை. அளப்பதற்கென்று விசேட தராசு விற்கிறார்கள். குளியலறைத் தராசின்மேல் மரத்துண்டொன்றை நிறுத்தி, அதன்மேல் தலையை இறக்கிப் பார்ப்பாரும் உளர். கரவன் சமதரையில் நிற்க வேண்டும்; மரத்துண்டும் தலையைக் குண்டின் உயரத்தில் வைத்திருக்க வேண்டும்.

பாரம் எவ்வளவு என்பதோடு அது எங்கே இருக்கின்றது என்பதும் உண்டு. மாணவர்கள் இதனை வீட்டு முற்றத்திலேயே சோதிக்கலாம். ஒரு தடியின் நடுவே இரண்டு செங்கற்களைக் கட்டி, நடுவிற் பிடித்து இடம் வலமாகத் திருப்பிப் பாருங்கள். இலகுவாய்த் திரும்பும், இலகுவாய் நிற்கும். அதே செங்கற்களை இரு முனைகளிலும் கட்டித் திருப்பிப் பாருங்கள். நிறை ஒன்றேதான், ஆனால் தொடக்குவதும் கடினம், தொடங்கினால் நிறுத்துவது அதனினும் கடினம். கரவனின் பின்கோடியில் சைக்கிள்களும் முன்கோடியிற் கனத்த பெட்டிகளும் ஏற்றினால் முன்பாரம் சரியாக இருந்தாற்கூட அது முனைகளிற் செங்கல் கட்டிய தடிதான். கனத்தவை எல்லாம் சக்கர அச்சுக்கு மேலே, தரையோடு தரையாக இருத்தல் வேண்டும். மேலேயுள்ள பெட்டகங்களில் உடுப்பும் தலையணையும் போன்ற இலேசானவை மட்டும். வாசலில் விரிக்கும் கூடாரத்தின் சீலையும் கம்பிகளும் எண்ணுவதைவிடக் கனத்தவை. அவற்றைப் பின் கட்டிலின்கீழ்த் தள்ளிவிடுவதே பலரின் வழக்கம். அது கூடாது.

இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகப் பொறியியலாளர், பாரத்தையும் அச்சின் இடத்தையும் மாற்றத்தக்க சோதனை வண்டி ஒன்றைக் காரினால் இழுத்துப் பார்த்து 2009இல் முடிவுகளை வெளியிட்டனர். உறுதிப்பாட்டை மிகக் கூடுதலாய்ப் பாதிப்பவை பாரம் பரந்திருக்கும் முறை, முன்பாரம், அச்சு இருக்கும் இடம் ஆகியனவே என்பது அவர்கள் கண்டது. வண்டிற்காரர் கண்டதும் இதுவே.

காரைவிடக் கரவன் கனக்கலாமா என்று கேட்பர். புதியவர்களுக்குக் கரவனின் நிறை காரின் நிறையில் நூற்றுக்கு 85 பங்கைத் தாண்டாதிருப்பது நல்லதென்பது பிரித்தானியக் கரவன் சங்கங்களின் அறிவுரை. அது சட்டமன்று; ஆயினும் நல்ல அறிவுரை. சட்டமானது வேகத்தைப் பற்றியது: நெடுஞ்சாலையிலும் இருவழி பிரிந்த சாலையிலும் மணிக்கு 60 மைல், பிரியாத சாலையில் 50 மைல். அத்துடன் மூன்று அல்லது கூடிய வரிசைகளுள்ள நெடுஞ்சாலையில் வலக்கோடி வரிசைக்குப் போகலாகாது. யோர்க்ஷயரிலே சட்டன் பாங்க் என்னும் செங்குத்தான மலைச்சாலையிற் கரவன்களுக்கு அனுமதியே இல்லை. அவ்வேற்றத்தில் அகப்பட்டு நின்றவை அத்தனை!

பூட்டுதல்

இனிப் பூட்டும் முறைக்கு வருவோம். இதற்கு இரண்டு பேர் போதும். உண்மையில் ஒருவர் செய்ய, மற்றவர் சும்மா இருப்பதே மிகவும் உத்தமம். இருவரும் ஆளுக்குப் பாதி செய்யும்போதுதான் "நீங்கள் மாட்டினீர்கள் என்றல்லவா நான் நினைத்தேன்" என்ற வார்த்தை பிறக்கிறது. பாதியில் யாரேனும் வந்து கதைகொடுத்தால், அவர் போனதும் தொடக்கத்திலிருந்து மறுபடி பார்த்துவிடுவதே புத்தி.

முதலிற் கரவனின் கைப்பிறேக் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான்கு மூலைத் தாங்கு கால்களும் முழுவதும் சுருட்டப்பட்டிருக்க வேண்டும். எரிவாயு மூடப்பட்டிருக்க வேண்டும். யன்னல்களும் கூரைத் துவாரமும் சாத்தப்பட்டிருக்க வேண்டும். கரவன் முன்னே சிறு துணைச்சக்கரம் ஒன்றின்மேல் நிற்கும். ஜொக்கிச் சக்கரம் என்பார்கள். அதன் கைபிடியைச் சுற்றித் தலையைக் குண்டிலும் சற்று உயரமாக வைத்துக்கொண்டு, காரைப் பின்னோக்கிக் கொண்டுவந்து குண்டைத் தலைக்கு நேரே கீழே நிறுத்த வேண்டும். கார் பின்னே வரும்போது காருக்கும் கரவனுக்கும் நடுவே ஒருவரும் நிற்கலாகாது. பிள்ளைகள் நிச்சயமாக நிற்கலாகாது.

கார் நின்று, அதன் கைப்பிறேக்கும் இட்டபின், தலையின் கைபிடியைத் திறந்து, ஜொக்கிச் சக்கரத்தைச் சுற்றித் தலையை மெல்ல இறக்க வேண்டும். தலை குண்டின்மேல் அமரும்போது 'டக்' என்ற ஒலி கேட்கும். அல்கோ தலையிற் சிறு குமிழ் ஒன்று எழுந்து பச்சை வளையத்தைக் காட்டும். ஒலியையும் பச்சையையும் மட்டும் நம்பி விடுவது போதாது. குண்டின்மேல் தலை முழுவதும் இறங்காமல் அரைகுறையாய் அமர்ந்திருந்தால், முற்றத்திலே அது ஒன்றும் செய்யாது. தெருவிலே முதலாவது மேட்டிலோ பள்ளத்திலோ துள்ளிக் கழன்றுவிடும். ஆகவே ஜொக்கிச் சக்கரத்தை மறுபடி எதிர்ப்பக்கம் சில சுற்றுச் சுற்றி, தலையை மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். காரின் பின்புறமும் கூடவே எழுந்தாற் பூட்டு சரி. தலை மட்டும் தனியே எழுந்தாற் பூட்டவில்லை. அரை நிமிட வேலை இது. இந்த அரை நிமிடத்தை ஒருபோதும் மிச்சம் பிடிக்கலாகாது.

அதன்பின்பே நிலைப்படுத்தியின் நெம்புகோலைக் கீழே அழுத்துவது. நல்ல பலம் வேண்டும்; எளிதாய் இறங்கினாற் கட்டைகள் தேய்ந்திருக்கலாம். நெம்புகோல் இறங்கியிருப்பதாலே தலை குண்டிற் பூட்டியிருக்கிறது என்று கொள்ளுதல் தவறு. பூட்டு வேறு, பிடி வேறு.

அடுத்தது ஆபத்துக் கம்பி. இதன் ஒரு முனை கரவனின் கைப்பிறேக்கோடு இணைந்திருக்கும். மறுமுனையைக் காரின் இழுவைச் சட்டத்திலுள்ள வளையத்தில் மாட்ட வேண்டும். எல்லாப் பூட்டும் மீறித் தலை கழன்றுவிட்டால், இக்கம்பி இழுபட்டுக் கைப்பிறேக்கை இடும். இட்டபின் தானே அறுந்துவிடும். கரவன் பிறேக்கோடு தனியே நின்றுபோகும். கம்பி தெருவில் உரசுமளவு தொய்யவும் கூடாது; திரும்பும்போது இழுபடுமளவு குறுகவும் கூடாது. உரசினால் தேய்ந்து, வேண்டிய நாளில் உதவாது. குறுகினாலோ முதல் வளைவிலேயே பிறேக்கை இழுத்துவிடும்.

பிறகு 13 ஊசிகளுள்ள மின்செருகியைப் பொருத்தித் திருக வேண்டும். ஜொக்கிச் சக்கரத்தை முழுவதும் மேலே சுருட்டி, அதன் பிடியை இறுக்க வேண்டும். கடைசியிலே, எல்லாம் முடிந்த பின்னே, கரவனின் கைப்பிறேக்கை விட வேண்டும். சும்மா இருந்த மற்றவருக்கு இப்போது வேலை வருகிறது: பின்னே நின்று, பிறேக் விளக்கும் இருபக்கச் சமிக்கை விளக்குகளும் எரிகின்றனவா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். காரின் இலக்கத்தகடு கரவனின் பின்னும் இருக்க வேண்டும். காரிலும் அகலமான கரவனாதலால், நீட்டுக் கண்ணாடிகளை இருபக்கமும் மாட்ட வேண்டும்.

புதிய கரவனுக்கு இன்னும் ஒன்றுண்டு. சக்கர நட்டுகள் புதிதில் அமர்ந்து சற்றுத் தளரும் இயல்பின. முதல் 50 கிலோமீற்றர் அளவு ஓடியதும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, முறுக்குவிசை காட்டும் சாவியினால், தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு மறுபடி இறுக்கிக்கொள்ள வேண்டும். வெறுங்கைப் பலத்தை நம்பி இறுக்குவோர் ஒன்றிற் குறைய விடுவர், அல்லது மிக இறுக்கி ஆணியைக் கெடுப்பர்.

அவிழ்த்தல்

போய்ச் சேர்ந்தாயிற்று. மாலை மயங்குகிறது, பிள்ளைகள் கடலைப் பார்க்க அவசரப்படுகிறார்கள். பூட்டும்போது எல்லோரும் விழிப்பாயிருப்பர், அவிழ்க்கும்போது களைப்பாயிருப்பர். ஆகவே அவிழ்ப்பதிலேதான் கரவன் தானாக உருண்டு போகும் விபத்துக்குக் கூடிய இடமுண்டு.

முதலிற் பக்கவாட்டு மட்டத்தைப் பார்க்க வேண்டும். கார் பூட்டியிருக்கும்போதே, தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தைச் சரிவுப் பலகைமேல் ஏற்றிச் சரிசெய்து கொள்வது. அவிழ்த்தபின் அது நடவாது. அடுத்தது கைப்பிறேக். பூட்டும்போது கடைசியாய் விட்டதை, அவிழ்க்கும்போது முதலாவதாய் இடுவது. இதிலே ஒரு நுட்பம் இருக்கிறது. கார் பிறேக் போடும்போது கரவன் முன்னே உந்தி, அந்த உந்துதலாலேயே தன் பிறேக்கை இட்டுக்கொள்கிறது. அப்படியானாற் காரைப் பின்னே செலுத்தும்போதும் உந்துதல் உண்டாகிப் பிறேக் விழுந்துவிடுமே! அதைத் தடுக்க, சக்கரம் பின்னோக்கிச் சுழன்றாற் பிறேக் தளரும்படி உள்ளே ஓர் அமைப்பு வைத்திருக்கிறார்கள். அதன் பயனாக, கைப்பிறேக் இட்ட கரவனும் சரிவில் சற்றுத் தூரம் பின்னே உருண்டபின்பே பிடிபடும். ஆகவே கைப்பிறேக்கை முழு உயரத்துக்கு இழுப்பதோடு, சக்கரத்துக்கு ஆப்பும் வைத்தே தீரவேண்டும்.

பிறகு மின்செருகியையும் ஆபத்துக் கம்பியையும் கழற்றி, ஜொக்கிச் சக்கரத்தை இறக்கி, அதன் பிடியை இறுக்க வேண்டும். நிலைப்படுத்தியின் நெம்புகோலை உயர்த்த வேண்டும். உயர்த்தாமல் தலையைக் கழற்ற முயன்றாற் கட்டைகள் குண்டை விடமாட்டா. அதன்பின் தலையின் கைபிடியைத் திறந்தபடி, ஜொக்கிச் சக்கரத்தைச் சுற்றித் தலையை உயர்த்தினால், அது குண்டிலிருந்து எழும். முழுவதும் விலகியதென்று கண்ணாற் கண்டபின்பே காரை முன்னே எடுக்கச் சொல்வது. இறங்கும்போது கரவனைத் தள்ளி நகர்த்த நெம்புகோலைக் கைபிடியாகப் பாவிப்பார் சிலர். அது அதற்கு ஆனதன்று.

இனி முன்பின் மட்டத்தை ஜொக்கிச் சக்கரத்தால் சரிசெய்யலாம். உள்ளே தரையில் மட்டக்குழாயை வைத்துக் குமிழி நடுவில் நிற்கும்வரை சுற்றுவது. நான்கு மூலைக் கால்களையும் இறக்குவது அதற்கும் பின்னர். அக்கால்கள் கரவன் அசையாமல் பிடிப்பதற்கு மட்டுமே. அவற்றால் கரவனைத் தூக்க முயன்றால் அடிச்சட்டம் வளையும். குண்டுக்கு உறையை மாட்ட வேண்டும். மழை நீர் பட்டுத் துருப்பிடித்தால் அடுத்த முறை முனகலோடுதான் பயணம். தலைக்குப் பூட்டொன்றைப் போட்டு அதன் திறப்பைக் கோர்வையிற் சேர்த்தபின், எரிவாயுவைத் திறக்கலாம். கேத்தலை அடுப்பில் ஏற்றலாம்.